ஓடு உரிக்காத முட்டை

தண்ணீர் இன்னும் அசையவில்லை.

அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. புது அலுமினியச் சட்டி. வேலை முடிந்ததும் தூக்கி எறிவதற்கென்றே நேற்று மார்த்தாண்டம் சந்தையில் வாங்கியது.

அடியில் இரண்டு முட்டைகள்.

இந்த வீட்டுக்குள் முட்டை வந்து ஏழு வருடமாகிறது.

மகள் ஜெஷ்னாவை ஹாலின் மறு கோடியில், ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். எட்டு வயது. கையில் புத்தகம். பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் வரவில்லை.

சட்டியின் ஓரத்தில் பொடிக் குமிழ்கள் ஒட்டத் தொடங்கின.

ஜெஷ்னாவுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மசித்த முட்டையை அவள்தான் ஊட்டினாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டுவதுதான். பிள்ளை சப்புக்கொட்டிச் சிரித்தது. இரண்டாவது கரண்டிக்குத் தானே வாயைத் திறந்தது.

மூன்றாவது கரண்டி இல்லை.

உதடு தடித்தது. கண்கள் வீங்கி மூடின. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மடியில் கிடந்த பிள்ளை நீலம் பாரித்திருந்தது.

பிழைத்தது.

அதற்குப் பிறகு கேக் இல்லை. கல்யாண வீட்டுச் சாப்பாடு இல்லை. பள்ளியில் ஜெஷ்னாவுக்குத் தனி பெஞ்சு. போகிற இடமெல்லாம் பையில் ஊசி மருந்தும் சிரிஞ்சும். அதைத் தொடையில் குத்த, அவளும் கணவன் ஜோபினும் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார்கள்.

போன மாதம் ரத்தம் சோதித்த டாக்டர், அலர்ஜி குறைந்திருக்கிறது, போய்விட்டதா என்பது சாப்பிட வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வீட்டில் கூடாது. ஆஸ்பத்திரியில், அவர் கண் முன்னால். கொதித்த பிறகு பதினைந்து நிமிடம் வேக வைத்து, ஓட்டோடு கொண்டு வரச் சொன்னார்.

ஜோபின் வேண்டாம் என்றான். ஏழு வருடம் காப்பாற்றியாயிற்று, இன்னும் எழுபது வருடம் காப்பாற்றுவோம் என்றான். மூன்று வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஜெஷ்னாதான் முடித்து வைத்தாள். இனி தனி பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றாள்.

கொதி வந்தது.

அவள் மணியைப் பார்த்தாள். ஏழு பத்து.

முட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. தீயைக் குறைத்தாள். குறைத்தது போதுமா என்று தெரியவில்லை. முட்டை அவிப்பதுகூட மறந்துபோயிருந்தது.

ஏழு பதினேழுக்கு ஒன்று வெடித்தது.

வெள்ளைக்கரு நூல்நூலாக வெளியே வந்தது. நுரை பொங்கியது. விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்து கருகியது.

அந்த வாசனை.

அவள் அப்படியே நின்றாள். உள்ளே வந்து அடுப்பை அணைத்தது ஜோபின். சட்டைப் பையில் ஊசி மருந்து. அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தான்.

"போதும், பெனிலா. விட்டுரு."

அவள் சமையலறைக் கதவைச் சாத்தினாள். ஜன்னலை அகலத் திறந்தாள். உடைந்ததைக் கரண்டியால் அள்ளிப் பைக்குள் போட்டு முடிச்சிட்டாள். அடுப்பைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

மற்ற முட்டையில் கீறல் இல்லை.

சட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். தீயை மூட்டினாள். பதினைந்து நிமிடத்தை முதலிலிருந்து எண்ணினாள்.

ஜோபின் ஹாலுக்குத் திரும்பவில்லை. அவள் பக்கத்தில் நின்று சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் திருவனந்தபுரம் போகும் வரை முட்டை வைத்த டப்பா அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜோபின் வேகத்தைக் குறைத்தான்.

ஆஸ்பத்திரியில் ஜெஷ்னாவின் கையில் ஊசி செருகிப் பிளாஸ்திரி போட்டார்கள். விரலில் ஒரு கிளிப். டாக்டர் முட்டையை உரித்து, வெட்டி, சின்னத் தராசில் நிறுத்தார். முதல் துண்டு பயறளவு.

நர்ஸ் கரண்டியை நீட்டினாள். ஜெஷ்னா வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, நீ தா."

கரண்டி அவள் கைக்கு வந்தது. துண்டு கரண்டியிலேயே உருண்டது. ஜோபின் அவள் மணிக்கட்டைக் கீழிருந்து பிடித்துக்கொண்டான்.

இருவருமாக ஊட்டினார்கள்.

இருபது நிமிடம். உதட்டைப் பார்த்தார்கள்.

அடுத்த துண்டு. இருபது நிமிடம்.

நான்காவது துண்டுக்குப் பிறகு ஜெஷ்னா கழுத்தைச் சொறிந்தாள்.

நர்ஸ் எழுந்தாள். ஜோபினின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். காது மடல், தொண்டை, நெஞ்சு. பிறகு கவுனின் காலருக்குள் விரல் விட்டு, துணியில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டை வெளியே மடித்து விட்டார்.

"இதுதான் குத்துது" என்றார்.

அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மதியத்துக்குள் முழு முட்டையும் உள்ளே போயிருந்தது. அதன் பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒன்றும் வரவில்லை. மூன்று மணிக்குக் கையிலிருந்த ஊசியை உருவினார்கள். இனி வாரம் இரண்டு முட்டையாவது கொடுங்கள், விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் களியக்காவிளை தாண்டியதும் அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு ஒன்று அவிக்கட்டுமா என்று கேட்டாள்.

ஜெஷ்னா முகத்தைச் சுளித்தாள்.

"எனக்குப் பிடிக்கல்லம்மா. வேண்டாம்."

வேண்டாம் என்று இதுவரை அவளுக்காக அம்மாவும் அப்பாவும்தான் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஜோபின் காரை ஓரங்கட்டினான். இஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பெனிலா அவன் சட்டைப் பையிலிருந்த ஊசி மருந்தை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.