ஒன்பதாம் கேள்விக்கு ஒரு பெயர்

"மார்ல கட்டியா? நம்ம ஊர்லயா? அய்யய்ய, இங்க யாருக்கும் கெடையாது டீச்சர். கூரத்துல ஒருத்திக்குக் கீதாம். அங்க போய்க் கேளுங்க."

எல்லம்மாள் சொன்னதைத்தான் பவளமும் சொன்னாள். அவள் கைகாட்டிய ஊர் ஐயங்கார்குளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கனகா மட்டும் மறைக்காமல் பேசினாள். "பேரை எழுதிக் குடுத்துட்டு நான் எங்க போறது? ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்பான். எம் பொண்ண எவன் கட்டுவான்? ஒங்களுக்கும் ரெண்டு பொண்ணு கீதே டீச்சர், தெரியாதா?"

சுலோச்சனா டீச்சர் தபால் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"பதினாறு வீடு ஏறி எறங்கிட்டேன் சார். ஒருத்தியும் வாயத் தொறக்கல. நோய்க்கு என்ன சார் வெக்கம்?"

போஸ்ட் மாஸ்டர் ராஜாராமின் மேஜைமேல் விண்ணப்பம் விரிந்து கிடந்தது. மார்புப் புற்றுநோய்க்கென்றே மெட்ராஸில் ஒரு தர்ம ஸ்தாபனம் இருந்தது. கிராமத்து மாதர் சங்கம் எழுதிக் கேட்டால் மானியம் தருவார்கள். வேனில் லேடி டாக்டர் வந்து ஊர்ப் பெண்களையெல்லாம் பார்ப்பார். கட்டி என்று தெரிந்தால் மெட்ராஸில் இலவச வைத்தியம்.

எட்டுக் கேள்விக்கு ராஜாராம் இங்கிலீஷில் பதில் எழுதிவிட்டார். ஒன்பதாவதில்தான் சிக்கல். கட்டி இருப்பதாகச் சந்தேகப்படும் பெண் ஒருத்தியின் பெயரும் கையெழுத்தும் வேண்டும்.

"யாரும் இல்லைன்னு எழுதிடட்டுமா?"

"எழுதினா வேன் வராது சார்" என்றாள் மாதர் சங்கச் செயலாளரான டீச்சர்.

மறுநாள் செங்கேணி வந்தாள். நடவுக்குப் போகிற கூலிக்காரி. பின்னாலேயே டீச்சரும் வந்தாள்.

"எம் பேரைப் போடு சார். மை எங்க கீது?"

ராஜாராம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையில்தான் இரண்டு ஆள் நாற்றுக் கட்டை ஒருத்தியாய்ச் சுமந்துகொண்டு போனாள்.

"உனக்கா? எந்தப் பக்கம்?"

செங்கேணி கொஞ்சம் யோசித்தாள். "எந்தப் பக்கம்னு எழுதினா நல்லா இருக்கும்?"

"எடதுன்னு போடுங்க சார்" என்றாள் டீச்சர் அவசரமாக.

"ஏன் சார், அந்த ஆஸ்பத்திரியில ரொட்டி, பாலு எல்லாம் குடுப்பாங்களாமே?" என்று கேட்டுக்கொண்டே செங்கேணி கட்டைவிரலை அழுத்தினாள்.

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டார் ராஜாராம். ரொட்டிக்கு ஒரு கைநாட்டு! ஆனாலும் ஊருக்கு வேன் வருமே என்று வாயைத் திறக்காமல் கவரை ஒட்டினார்.

அதற்கப்புறம் டீச்சர் தினமும் வந்தாள். "லெட்டர் வந்துச்சா சார்?"

அடுத்தவள் கட்டிக்கு இத்தனை அவசரமா என்று அவருக்கு ஆச்சரியம். நல்ல மனசு, வேறென்ன!

ஆறாவது வாரம் பதில் வந்தது. அடுத்த வாரம் வேனும் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. ஒரு பெண்ணும் உள்ளே போகவில்லை.

செங்கேணிதான் கத்தினாள். "இன்னாங்கடி, டாக்டரம்மா கடிச்சா துன்னப் போவுது? நான் போறேன், உசுரோட வரேனா பாருங்க!"

டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். உசிரோடுதான் திரும்பி வந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு பேர்.

வேன் கிளம்பும்போது செங்கேணி ஏறிக்கொண்டாள். துணைக்கு டீச்சர்.

"கூலிக்காரிக்குத் தொணையா டீச்சரே போவுது பாரு. தங்கமான மனுசி" என்றாள் பவளம்.

"இவளப் பாரேன், நோயாளியா இவ? கண்ணாலத்துக்குப் போறாப்பல பல்லைக் காட்டிக்கினு போறா" என்றாள் கனகா.

பன்னிரண்டு நாள் கழித்து, ராஜாராம் தபால் வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போனார். புக்கத்துறை கூட்ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்தால், ரோட்டோரக் கழனியில் நடவு. வரிசையில் மூன்றாவது ஆளைப் பார்த்ததும் ராஜாராம் எழுந்துவிட்டார்.

வரப்பில் நின்று கூப்பிட்டார். "செங்கேணி!"

முழங்கால் சேற்றோடு அவள் நிமிர்ந்தாள். அவசரமாகக் கரையேறி வந்தாள்.

"கத்தாத சார். தங்கச்சி வூட்டுல கீறேன். யாருக்கும் தெரியாது."

"ஆஸ்பத்திரியில கெடக்கறேன்னு ஊரே நெனச்சுக்கினு இருக்குது. அப்ப நீ வச்ச கைநாட்டு பொய்யா?"

"பொய்தான்."

"இப்படிப் பொய் சொல்லிப் பேரைக் கெடுத்துக்கலாமா?"

"எம் பேரு கெட்டா இன்னா சார்? ஒரே ஆம்பளப் புள்ள, அவனுக்கும் கண்ணாலம் ஆயிப்போச்சு. ரெண்டு பொண்ணக் கரையேத்த வேண்டியவங்க பேரு கெடலாமா?"

பஸ்காரன் ஹாரன் அடித்தான்.

செங்கேணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிது சார். முந்தாநேத்துதான் போயிப் பாத்துட்டு வந்தேன். வர்ற வெள்ளிக்கெழம நானும் இங்கேர்ந்து அவங்க பஸ்ஸுல ஏறிக்குவேன். ஊர்ல எறங்கறப்ப டீச்சரம்மா என்னத் தாங்கிக்கினு வர்றாப்பல இருக்கும். நான்தான் அவங்களத் தாங்கிக்கினு வருவேன். நீ கண்டுக்காத சார்."