நாலாம் கேபின் விருந்தாளி

"பண்ணையில தங்க இன்னொரு ஆளா? என்னால முடியல வெர்ன்," என்றாள் மார்லிஸ், மெத்தை விரிப்பை உதறியபடி. காலையிலிருந்து கன்றுகளைப் பிடித்துச் சூடு போட்டதில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. நேற்றுதான் கொட்டகையில் நூறு பேருக்குக் கல்யாண விருந்து முடிந்திருந்தது.

"நாலாம் கேபினோட சரி. யாரோ மிஸ் ஹாகன். தனியா வர்றாங்க," என்றான் கணவன்.

"தனியா வர்றவங்கதான் விடவே மாட்டாங்க. 'முதல் நாள் சாயங்காலம் பண்ணைக்காரம்மா கூட உக்காந்து கதை சொல்வாங்க'ன்னு விளம்பரத்துல போட்ட மகராசன் நீங்கதானே!"

போன் அடித்தது. பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். "டெஸ்ஸாதான். சீசன் முடியட்டும், நவம்பர்ல பேசிக்கலாம்."

சாயங்காலம் நாலாம் கேபின் படியில், தொப்பி முகத்தை மறைக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மார்லிஸ் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள்.

"வாங்க மிஸ் ஹாகன். இந்தப் பண்ணை என் மாமனார் காலத்துல..."

"அது வேணாம்," குரல் கரகரத்தது. "பனிப்புயல்ல கன்னுக்குட்டியைச் சமையலறையில வச்சுக் காப்பாத்தின கதை சொல்லுங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தொப்பியைக் கழற்றினாள். மகள் டெஸ்ஸா!

"புட்டியில பால் குடுத்தது நான்தானேம்மா. மூணு வருஷமா வரட்டுமான்னு கேக்கறேன். என் ரூமைக்கூட விருந்தாளிக்கு விட்டாச்சுன்னே. அதான் தோழி பேர்ல புக் பண்ணிட்டேன். ஒரு சாயங்காலம் எனக்கு. கதையைச் சொல்லும்மா."

மார்லிஸ் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் பூட்ஸைக் கழற்றி வைத்தாள்.