வியாழக்கிழமை வரை

மேலப்பாளையத்து வீட்டின் உள்ளறையில் மைதீன் பாத்திமா இத்தா இருந்தாள். கணவர் இறந்து மௌத்தான நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது.

மருமகள் அஸ்ஃபியா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்கனயே அடைஞ்சு கெடக்கியளே மாமி, மனசு புழுங்கும்லா. இன்னைக்குச் செவ்வாய். வியாழக்கிழமையோட முடியுது. உங்க மவன் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காவ."

"முடிஞ்ச பொறவு?"

"வெள்ளிக்கிழமை உங்க மவ இஷ்ரத்தப் பேறுகாலத்துக்குக் கூட்டியாரணும். சனிக்கிழமை நூகு மாமா வீட்டு நிக்காஹ். நெய்ச்சோத்துக்குப் பக்குவம் சொல்ல நீங்க வந்தே ஆவணுமாம். பிள்ளைய ரெண்டும் உங்க மீன் ஆணத்துக்கு ஏங்கிப் போயிருக்கு."

"பைய பாப்போம்" என்றாள் மைதீன் பாத்திமா.

பதினேழு வயதில் இந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவள். இத்தாவின் முதல் மாதம் கணவரை நினைத்து அழுதபடியே இருந்தாள். அழுகை அடங்கிய பிறகுதான், தன்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது. ஓதினாள். பேப்பர் படித்தாள். ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்தாள். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக டீயை ஆறுவதற்குள் குடித்தாள்.

அஸ்ஃபியா போனதும், தலையணைக்கு அடியிலிருந்த பள்ளிவாசல் காலண்டரை எடுத்துப் பார்த்தாள். இத்தாவுக்குப் பிறைக் கணக்குதான் கணக்கு. மகன் ஆமிர் இங்கிலீஷ் மாதத்தை எண்ணி வட்டம் போட்டிருந்தான்.

பிறைக் கணக்குப்படி அவளுடைய இத்தா நேற்றே முடிந்துவிட்டது.

காலண்டரைத் திரும்ப ஒளித்து வைத்துவிட்டு டீயை எடுத்தாள். நல்ல சூடாக இருந்தது.