இடித்த சுவர்

இரண்டு கன்றுகள் செத்துப் பிறந்த பிறகு, மூன்றாவது சினையைப் பரிசோதித்த டாக்டரம்மா, "கன்னுக்குக் காத்து பத்தலீங்க ஐயா" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி மகன் சென்னியப்பன் சிரித்தான். என் அப்பன் கட்டிய தொழுவத்தில் காற்றுப் பற்றாதா? கடப்பாரையை எடுத்து, தொழுவத்தில் அவன் வேலியைப் பார்த்திருந்த சுவரை இடித்துத் தள்ளினேன்.

"இப்பப் பத்துதா?"

"தொழுவத்துல இல்லீங்க, வயித்துக்குள்ள. தாய் ரத்தத்துல இருந்து கன்னுக்கு மூச்சு சரியாப் போகலைங்க" என்று சொல்லி, தீவனத்தில் கலக்க வைட்டமின் பொடி கொடுத்தார். அதை வாசலில் வீசினேன். எங்கள் வீட்டு மாடு கடையில் விற்கும் சத்தைத் தின்று ஈன்றதில்லை.

மருமகள் தெய்வானை பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "செத்த கன்னத் தூக்கிட்டுப் போறப்பப் போகாத மானம், இந்தப் பொடியிலயா மாமா போயிரும்?"

அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. தினமும் தவிட்டில் அவள் பொடி கலப்பதைப் பார்த்தேன். பேசாததால் தடுக்கவும் இல்லை.

இன்று காலை கன்று பிறந்து விழுந்தது. சிறிய உடம்பு, நாக்கு நீலம். மூச்சு வரட்டும் என்று தெய்வானை அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறினாள். இடித்த சுவர் வழியே சென்னியப்பன் உள்ளே தலையை நீட்டினான்.

"அசையக் காணமே, பெரியப்பா."

கன்றின் விலா ஒருமுறை ஏறி நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையைத் தூக்கிவிட்டேன்.

"தள்ளி நில்றா! காத்த மறைக்காதே!"