மலையடிப் படலை

காலைத் தேநீரோடு ஸ்கொட்லாந்து மலையைப் பார்ப்பது நிசாந்தினிக்குப் பழகிவிட்டது. மலையடியில் விடுதி நடத்தும் ஒருவர் பொருத்திய கேமரா, அதை நேரடியாகக் கைபேசியில் காட்டும். இங்கே நியூசிலாந்தில், ஒக்லாந்தின் த்ரீ கிங்ஸில், குளிர்கால விடியல். அங்கே இன்னும் நேற்றைய மாலை. பார்லி வயல்களில் வெயில் கிடக்கும்.

கல்யாணமான புதிதில் அவளும் பிரதாபனும் அங்கேதான் ஒரு பண்ணை வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மாலையில் மலையேறுவார்கள். இவள் மூச்சு வாங்க வந்து சேரும்வரை அவர் ஆட்டு வயலின் வேலிக் கதவை, அந்தப் படலையை, திறந்து பிடித்திருப்பார். பிறகு கொளுக்கியை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார்.

அவர் ஒக்லாந்தில் காலமாகி இரண்டு வருடம். போன மாதத்திலிருந்து கேமராவில் அந்தப் படலையடியில் தெரிகிறார். அவள் பின்னிய அதே மஞ்சள் கம்பளித் தொப்பி. படலையைச் சாத்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மலையேறிப் போவார். நிசாந்தினி யாரிடமும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடிப்பாள்.

இன்று, மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் ராகவி வேலைக்குப் போகும் வழியில் கைபேசியை எட்டிப் பார்த்தாள்.

"ஆர் அன்ரி அது? படலையைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"ஓம். கொஞ்ச நேரமா நிக்கிறார்."

"ஆடெல்லாம் வெளிய போகுதே."

ஆடுகள் ஒவ்வொன்றாய்த் தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைக் கவனிக்கவில்லை. கேமரா இருந்த பக்கமே பார்த்தபடி, படலையை அகலத் திறந்து பிடித்திருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிசாந்தினிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.