நிழல் விழும் மாடி

“கிளையில கை வச்சே, நடக்கிறதே வேற,” என்றார் ராக்கப்பன்.

அரிவாளோடு ஏணியில் நின்ற மணிகண்டராஜ் இறங்கிவிட்டான். இருளம்மாள் வீட்டு மாடியில் சோலார் மாட்ட வந்தவன் அவன். ராக்கப்பன் வீட்டு வேப்பமரத்தின் நிழல் பாதி மாடியில் விழுந்து கிடந்தது.

“ஒரு கிளை போதும் சார். நிழல் விழுந்தா கரண்ட் சரியா வராது. அரசாங்கம் எழுபத்தெட்டாயிரம் மானியம் தருது. மிச்சம் பேங்க் லோன். கரண்ட் வரலைன்னா அக்கா லோனையும் கட்டணும், ஏசி பில்லையும் கட்டணும்.”

“ஏசி,” என்று சிரித்தார் ராக்கப்பன். “பட்டாசுக் கம்பெனியில போர்மேனா இருக்கேன். எனக்கே பேன் காத்துதான்.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி கற்பகவல்லி சேர்ந்துகொண்டாள்.

“மானியம்னதும் மாடியேறியாச்சு. புருசன் நாகையா போயி வருசம் திரும்பல. வந்த நஷ்டஈட்டுல முதல்ல ஏசி, இப்ப சோலாரு. விஸ்வநத்தம் ஊரே பேசுது.”

இருளம்மாள் ராக்கப்பனிடம் வந்து நின்றாள்.

“சித்திரை வெயில் ஆரம்பிச்சிருச்சுண்ணே. போன தடவ பில் கட்ட முடியல, பீசைப் பிடுங்கிட்டாக. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா உள்ள இருக்கிற உசுரு தாங்காது. ஒரு கிளைதானண்ணே.”

“உம் புருசன் என் தம்பி மாதிரி. தீபாவளி ஆர்டர் நேரத்துல கம்பெனியில அந்த வேல்விழி வெடிமருந்தைச் சிந்தலேன்னா, அவன் உள்பட எட்டுப் பேரும் இன்னைக்கு இருந்திருப்பாக. அவன் வெந்து செத்தான். நீ குளுகுளுன்னு இருக்கே. அதுக்கு என் மரத்தை வெட்டணுமா?”

“எனக்கில்லண்ணே.”

“பின்னே யாருக்கு? எந்த மகாராணிக்கு?”

“வந்து பாருங்க.”

ராக்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று அவள் வீட்டுக்குள்ளே போனார்.

சின்ன அறை. ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தது. கட்டிலில் வாழையிலை விரித்து, அதன்மேல் ஒரு பெண் படுத்திருந்தாள். கழுத்திலிருந்து கால்வரை தோல் சுருங்கி இழுத்திருந்தது. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் அடையாளம் தெரிந்தது.

வேல்விழி.

“இவ... காரியாபட்டி சித்தி வீட்டுக்குப் போயிட்டான்னாகளே?”

“சித்தி வீட்டுல சேக்கலண்ணே. மதுரை ஆஸ்பத்திரியில அனாதையாக் கிடந்தா. தை மாசம் கூட்டியாந்தேன். வெந்த தோலு வேர்க்காதாம். அறை சூடானா காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்துருதாம். டாக்டரு சொன்னாரு.”

“உம் புருசன் சாவுக்கு இவதான் காரணம். தெரியுமில்ல?”

“தெரியும். இவளே போலீசுல அப்படித்தான் சொல்லியிருக்கா.” இருளம்மாள் ஜன்னல் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். “முதல்ல இவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவரு பையை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்துல, தண்ணி குடுக்க ஆளில்லாமக் கிடந்தா. பத்தொம்பது வயசுப் பிள்ளை. விட்டுட்டு வர முடியலண்ணே.”

ராக்கப்பன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

“வெளிய சொல்லிராதீக. தெருவுல இருக்க விட மாட்டாக. இருங்க, மோர் கொண்டாறேன்.”

அவள் அடுப்படிக்குப் போனாள்.

ராக்கப்பன் வாசல் பக்கம் திரும்பினார்.

“மாமா.”

கட்டிலிலிருந்து காற்றுப் போலத்தான் குரல் வந்தது. அவர் நின்றார்.

“நாலு பேரு மட்டும் இருக்க வேண்டிய மருந்து ரூம்ல ஒம்பது பேர நெருக்கி உக்கார வச்சது நீங்கன்னு போலீசுலயும் சொல்லல, இருளம்மா அத்தைகிட்டகூட நான் சொல்லல. சொன்னா, திறந்த கம்பெனிய மறுபடி மூடிருவாக. தெருவுல எல்லாருக்கும் அதுதான மாமா சோறு.”