இருபத்து நாலாவது வட்டம்

விற்பதற்கு முன் வீட்டைச் சோதிக்க நானே ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் சுவர் சுவராகத் தட்டி, பொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். மொத்தம் இருபத்து மூன்று. மறுநாள், வாங்குகிறவர்கள் வருவதற்கு முன்பே தரகன் தங்கப்பழம் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றான்.

“அம்மை போட்ட வீட்ட எவன் வாங்குவான் அண்ணாச்சி? ஒரே பூச்சு, ஒண்ணும் தெரியாது.”

“ஒம் மூஞ்சியில பூசுல. எஞ் செவுத்துல கை வச்சே, ஒடிச்சிருவேன்.”

வந்த புருஷனும் பெண்சாதியும் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

“இவ்வளவுதானா பெரியய்யா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

தங்கப்பழம் தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். நான் எவனையும் முழுசாக நம்புகிறவன் இல்லை, இன்ஜினியரையும்தான். பீரோவை நகர்த்தி, மழைக்கு மட்டும் கசிகிற மூலையில் இருபத்து நாலாவது வட்டத்தை நானே போட்டேன்.

அந்தப் பெண் குனிந்து, அதன் நடுவில் உள்ளங்கையை வைத்தாள்.